காட்டெருதும் ஆட்டுத்தோல் கோட்டும்

எனக்குக் கோபம் லேசில் வராது. வந்தால் லேசில் போகாது. என் கணவர் இதைச் சிலநாள் நல்ல குணம் என்பார், சிலநாள் பொல்லாத குணம் என்பார். அது நான் அன்றைக்கு யாரில் கோபமாக இருக்கிறேன் என்பதைப் பொறுத்தது. எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கோடையில் ஒரு மனிதரைக் கறுவிக்கொண்டு ஏழு கிழமை பொறுத்திருந்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சின்ன வயதில் சொல்லித் தந்தார்கள். எதற்காகப் பொறுக்கவேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

தென் லண்டனில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருந்தது. எப்போதோ இறந்துபோன பணக்காரர் ஒருவர் உலகமெல்லாம் அலைந்து சேர்த்த மிருகங்களும் பறவைகளும் அங்கே பாடம்செய்யப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் நின்றன. எண்பத்தெட்டில் எனக்கு அங்கே அறைக் காவல் வேலை கிடைத்தது. நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கதிரையில் இருக்கவேண்டும். யாராவது கண்ணாடியில் கைவைத்தால் எழும்பிப் போய் வேண்டாம் என்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் ஒரு பெண்கள் பாடசாலையில் விலங்கியல் படிப்பித்தவள். லண்டனுக்கு வந்து மூன்று வருடம் ஓட்டல் படுக்கைவிரிப்புகளை மடித்துக் கழித்தவள். செத்த மிருகமானாலும் மிருகம் மிருகம்தானே என்று சந்தோஷமாகப் போனேன்.

வேலையை எடுத்துத் தந்தவர் ஓர் அண்ணை. சொந்த அண்ணன் இல்லை. சட்டனில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தவர். ஐம்பத்தைந்து வயது, ஊரில் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை ஆர்ச்வே கோவிலில் பிரசாதத்துக்கு நின்ற வரிசையில், "தங்கச்சி, எங்கடை இடத்திலை ஒரு ஆள் தேவையாம், வாறீரோ?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைப் பிறகு என்னை அவர் மறக்கவே விடவில்லை. அவருக்குத் தேநீர் போடுவது நான். அவருடைய அறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூத்தடித்தால் அடக்கப் போவதும் நான். "நான் இல்லாட்டி நீர் இப்பவும் பெட்ஷீட்தான் மடிச்சுக்கொண்டிருப்பீர்" என்று பகிடியாகச் சொல்லுவார். நானும் சிரித்துக்கொள்வேன்.

ஒருவரும் விரும்பாத பைசன் அறையை எனக்கு ஒதுக்கித் தந்ததும் அவர்தான். பைசன் என்றால் வட அமெரிக்கப் புல்வெளிகளில் கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருது. நடைபாதையின் கடைசியில், ஜன்னல் இல்லாத அறையில், பழைய கம்பளி மணத்தோடு அது தனியே நின்றது. நானும் அதுவும் முதல்நாள் ஒருவரையொருவர் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முன்பக்கம் மலை மாதிரித் திமில், பிடரி, தாடி. பின்பக்கம் பார்த்தால் ஒன்றுமில்லாத ஒல்லி இடுப்பு. மேலுக்குப் பெரிய கோட்டுப் போட்டுக் கீழே சாரத்தோடு வெளிக்கிட்ட ஆள் போல இருந்தது.

அதன் கண்ணாடிப் பெட்டி ஒரு மரமேடையின் மேல் இருந்தது; மேடைக்கு உள்ளே வெறுமை. மேடையின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. உள்ளே மாற்றுக் குழல் விளக்குகளை வைத்திருந்தார்கள். மேடைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்க இடம் இருந்தது. மத்தியானம் சோற்றுப் பெட்டியை முடித்ததும் அண்ணை அங்கே வந்து அரை மணித்தியாலம் படுப்பார். கச்சேரியில் மேசையில் தலைவைத்துப் பழகிய நித்திரை, கடல் கடந்தும் அவரை விடவில்லை. யாராவது மேலதிகாரி வந்தால் நான் இருமவேண்டும். ஒரு வருடமாக இருமினேன்.

எங்கள் மேலதிகாரியைக் கீப்பர் என்று சொல்லுவோம். காட்சிப் பொருள்கள் அத்தனைக்கும் பொறுப்பு அவர்தான். சைக்கிளில் வரும், அதிகம் பேசாத, ஐம்பது வயது வெள்ளைக்காரப் பெண்மணி. வருபவர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கென்று ஒவ்வோர் அறைக்கும் ஒரு கோப்புத் தயாரித்துத் தந்திருந்தார். அண்ணை தன்னுடைய கோப்பின் மேல் தேநீர்க் கோப்பையை வைப்பார். நான் என்னுடையதை ரயிலில் போகவர வாசித்தேன். அந்தப் புல்வெளிக்கு முதலில் போன வெள்ளைக்காரப் பயணிகள் எழுதிவைத்ததிலிருந்து எடுத்துத் தட்டச்சுச் செய்த ஐம்பது பக்கம். இரண்டு மாதத்தில் அது எனக்குப் பாடமாகிவிட்டது.

முதலில் கண்ட ஸ்பானியர்களுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மாடு என்று எழுதினார்கள்; அது போதாமல் ஒட்டகத்தின் திமில், வெள்ளாட்டின் தாடி, செம்மறியின் கம்பளி, சிங்கத்தின் பிடரி என்று ஊரில் தெரிந்த மிருகங்களையெல்லாம் பிய்த்து ஒட்டினார்கள். ஓடும்போது வாலைத் தேள் மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். குதிரைகள் முதல்தடவை அதைக் கண்டதும் எசமானையும் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினவாம். பெரும் படையாகப் போனவர்களுக்கு அந்தச் சமவெளியில் வழி தெரியவில்லை. ஆயிரம் பேர் மிதித்த புல்லும் அடுத்த கணம் நிமிர்ந்துவிடும். பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போனவனின் சுவடு தெரியாது. அதனால் எலும்பையும் சாணியையும் குவித்துக் குவித்து அடையாளம் வைத்துக்கொண்டு போனார்கள். மரம் இல்லாத இடத்தில் அந்தச் சாணியைத்தான் எரித்துச் சமைத்தார்கள். வறட்டி நெருப்பில் புகை தின்றுகொண்டு இறைச்சி சுட்ட அந்தத் துரைமாரை நினைக்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இன்னொரு கதை இருந்தது. குதிரைகளில் ஏறி ஒரு மந்தையைத் துரத்தினார்கள். மிருகங்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடி ஒரு பள்ளத்துக்குள் விழுந்தன. விழுந்தவற்றால் பள்ளமே நிரம்பி, பின்னால் வந்தவை அவற்றின் முதுகின் மேலால் கடந்து போயின. துரத்தி வந்தவர்கள் பள்ளம் இருப்பதைக் காணாமல் குதிரையோடு அதற்குள்ளேயே விழுந்தார்கள். மூன்று குதிரைகள் சேணத்தோடு உள்ளே போனவை, பிறகு கிடைக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடும்.

பிள்ளைகளுக்கு நான் இவற்றைச் சொல்லத் தொடங்கியது தற்செயலாகத்தான். ஒரு வகுப்பு மழைக்குள் நனைந்து வந்து அந்த அறையில் காத்திருந்தது. சும்மா இருக்க ஏலாமல் சொன்னேன். குதிரைகள் விழுந்த இடத்தில் முப்பது பிள்ளைகளும் கைதட்டினார்கள். நான் பைசனின் கட்சி என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது. நான்கு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் ஓர் ஆசிரியை போல நின்றேன். வாசலில் கீப்பர் நின்று கேட்டுக்கொண்டிருந்ததைக் காணவில்லை.

பங்குனி மாதத்தில் கீப்பர் என்னையும் அண்ணையையும் கூப்பிட்டார். இருவரும் வருடா வருடம் புதுப்பிக்கும் தற்காலிக வேலையில்தான் இருந்தோம். வரும் இலையுதிர்காலத்தில் ஒரு நிரந்தர இடம் வரும், பாடசாலைப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வதுதான் அதில் முக்கியமான வேலை, உங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். அண்ணையும் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. கதிரையில் இருந்து மற்றவர்களின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அல்ல, திரும்பவும் படிப்பிப்பதற்கு. அதை நான் வெட்கமில்லாமல் விரும்பினேன்.

சித்திரையில் பைசனின் மயிர் கொட்டத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை பெட்டியைத் திறந்து தூசி தட்டும்போது காலடியில் சின்னச் சின்னக் கற்றைகளாகக் கிடந்தது. முன்தொடையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வழுக்கை. இப்படி ஏதாவது கண்டால் வாசல் மேசையில் இருக்கும் குறிப்புப் புத்தகத்தில் எழுதவேண்டும் என்பது சட்டம். வெள்ளைக்காரக் காவலர்கள் ஓர் எலிப் புழுக்கையைக் கண்டாலும் எழுதிவிடுவார்கள். நான் எழுதவில்லை. அண்ணையிடம் போய்ச் சொன்னேன். மூத்தவர் ஒருவர் இருக்க, அவரைத் தாண்டிப் புத்தகத்தில் எழுதினால் அவரைக் காட்டிக்கொடுத்தது மாதிரி என்று நினைத்தேன். அப்படி நினைக்க எங்கள் ஆட்களால் மட்டுந்தான் முடியும்.

"உது அந்துப்பூச்சி, தங்கச்சி. உதுக்குப் போய் உந்த மனிசியைக் கரைச்சல்படுத்துறதே? வேப்பிலை வையும். எங்கடை வீட்டிலை கூறைச் சேலைக்கே அதைத்தானே வைக்கிறது" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. விலங்கியல் படிப்பித்த நான் கூறைச் சேலையும் பாடம்செய்த மிருகமும் ஒன்றல்ல என்று யோசித்திருக்கவேண்டும். ரெய்னர்ஸ் லேனில் ஒரு கடையில் காய்ந்த வேப்பிலை வாங்கினேன். பழைய பருத்திச் சேலையைக் கிழித்துப் பத்துச் சின்னப் பைகள் தைத்து, இலையை நிரப்பி, அடுத்த திங்கட்கிழமை பைசனின் கால்களுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் வைத்தேன். குழந்தைக்கு வசம்பு கட்டிவிட்ட நிம்மதி எனக்கு.

வைகாசி கடைசியில் கீப்பர் வழுக்கையைக் கண்டார். பெட்டியைத் திறந்தார். புழுவைக் கண்டார். பிறகு என் பைகளைக் கண்டார்.

அவருடைய அறையில் நாங்கள் மூவரும் நின்றோம். மேசையில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் என் பைகளில் ஒன்றை வெட்டிக் கொட்டி வைத்திருந்தார். இலைச் சருகுக்குள் இரண்டு சின்னப் பூச்சிகள் செத்துக் கிடந்தன. வெளியிலிருந்து தாவரப் பொருள் எதையும் காட்சிப் பெட்டிக்குள் கொண்டுவரக்கூடாது என்பது தெரியாதா என்று கேட்டார். அண்ணைதான் வைக்கச் சொன்னார் என்று சொன்னேன். கீப்பர் அவரைப் பார்த்தார்.

"நான் வேண்டாம் என்று சொன்னேன்" என்றார் அண்ணை, கச்சேரியில் பழகிய நல்ல ஆங்கிலத்தில். "இது எங்கள் நாட்டுக் கிராமத்துப் பழக்கம், இங்கே சரிவராது என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை."

மயிர் கொட்டுவதை அவருக்குச் சித்திரையிலேயே சொன்னேன் என்றேன். புத்தகத்தில் எழுதினீர்களா என்று கீப்பர் கேட்டார். இல்லை என்றேன். ஆவணி முடிய உங்கள் வேலை முடிகிறது, அதுவரைக்கும் கீழே, வருபவர்களின் கோட்டுகளை வாங்கி வைக்கும் அறையில் இருங்கள், நிரந்தர இடத்துக்கு விண்ணப்பிக்காமல் விடுவது நல்லது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கவலையாகச் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

வெளியே வந்ததும் படிக்கட்டில் அண்ணை என் பக்கம் திரும்பினார். "குறை நினையாதையும் தங்கச்சி. எனக்கு வயசு போட்டுது. இது எனக்குக் கடைசிச் சந்தர்ப்பம். நீர் சின்னப் பிள்ளை, உமக்கு வேறை கிடைக்கும்" என்றார்.

அவர் சொன்ன பொய்யை ஒருவேளை மறந்திருப்பேன். பொய்யைச் சொல்லிவிட்டு என்னிடமே ஆறுதலும் கேட்டாரே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கூட இருந்தே குழி பறித்துவிட்டு, விழுந்தவளைப் பார்த்துக் குழி வசதியாக இருக்கிறதா என்று கேட்பது போல. அன்றைக்கு ரயிலில் சட்டன் வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இந்த மனிதர் எல்லாருக்கும் முன்னால் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி முதல் கிழமை, கீழ் அறையில் ஒரு குழல் விளக்குப் பழுதாகிவிட்டது. மாற்று விளக்கு பைசனின் மேடைக்குள் இருக்கிறது என்று தெரியும், எடுக்கப் போனேன். கீப்பர் பெட்டிக்குள் மருந்து அடித்திருந்தார், அறை மணத்தது. பின்னால் போய்ச் சின்னக் கதவைத் திறந்தேன். விளக்குகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுத்தோல் கோட்டு, தோல் வெளியே தெரிய, கம்பளி உள்ளே இருக்க, இறுக்கிச் சுருட்டித் தலையணை மாதிரி வைத்திருந்தது. அண்ணை லண்டனுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் ஏதோ பழைய துணிச் சந்தையில் வாங்கியது. அதன் நாற்றம் தாங்காமல் அவருடைய மனைவி அதை வீட்டுக்குள் விடுவதில்லை என்று அவரே பகிடியாகச் சொல்லியிருக்கிறார். அதை எங்கே வைத்திருந்தார் என்று அன்றைக்குத்தான் கண்டேன். தலைமாட்டுக்கு அதைத்தான் வைத்துப் படுத்திருக்கிறார்.

ஒரு நுனியை விரலால் விரித்துப் பார்த்தேன். உள்ளே கம்பளியே இல்லை, புழுதான் இருந்தது. கூடுகளும் புழுவும் கம்பளித் தூளும் ஒன்றாகக் கலந்து நெளிந்தன. மேலே பார்த்தேன். மேடையின் பலகைகளுக்கு இடையில் விரல் நுழையும் இடைவெளி. அதற்கு நேர் மேலே பைசனின் குளம்புகள். பூச்சி எங்கிருந்து போனது என்று விளங்குவதற்கு விலங்கியல் படித்திருக்கவே தேவையில்லை.

விளக்கையும் எடுக்காமல் படியேறி ஓடினேன். கீப்பரின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் கதவுக்கு நான்கு படி கீழே நின்றேன். இப்போது சொன்னால் என்ன நடக்கும்? அண்ணையைக் கூப்பிட்டுத் தனியாக இரண்டு கேள்வி கேட்பார். அவர் அழகான ஆங்கிலத்தில் மறுப்பார். அல்லது மன்னிப்புக் கேட்பார், கதவைச் சாத்திக்கொண்டு மன்னித்தும் விடுவார்கள். எனக்கு அது போதாது. திரும்பிக் கீழே இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவரிடம் சொன்னேன். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடிந்து வந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கே போய் அந்த மனிசிட்டைச் சொல்லன்" என்றார்.

"சொன்னால் ஆர் நம்புவினம்?"

"கோட்டைக் காட்டினால் நம்புவினம்தானே. எல்லாத்தையும் ஏன் சிக்கலாக்கிறாய்?"

அவர் சொன்னது சரி. சரி என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது இன்னொன்றும் இருந்தது. பூச்சி தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும். வெயில் ஏற ஏற வேகமாகத் தின்னும். கீப்பர் அடித்த மருந்து கண்ணாடிக்குள் மட்டும்தான் போனது. மேடைக்குள் இருந்ததை அது தொடவில்லை. அந்த வருடம் நல்ல வெயில். இதையெல்லாம் நான் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவள்.

ஆடி தொடங்கியதும் அண்ணையே எங்கள் வீட்டுக்கு வந்தார், ஒரு பெட்டி மாம்பழத்தோடு. அந்த மாதக் கடைசியில் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் பைசனைப் பற்றிப் பேசிக் காட்டவேண்டுமாம். கீப்பரும் நிர்வாகத்தில் இரண்டு பேரும் இருந்து கேட்பார்களாம். சரியாகப் பேசினால் நிரந்தர இடம் அவருக்கு.

"கோப்பை வாசிச்சனான். வாசிக்க வாசிக்க நித்திரைதான் வருது" என்றார். "நீர் சொல்லுற மாதிரி ஒருக்கா எழுதித் தாரும். கோவிச்சுக்கொண்டிராதையும். நாங்கள் ஒரு ஊர்ச் சனம்."

என் கணவர் எழும்பி உள்ளே போய்விட்டார். நான் மாம்பழப் பெட்டியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். என் வேலையை எடுத்தவர், என் கதைகளையும் கேட்டு வந்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு முதல் என்றால் அழுதிருப்பேன். அன்றைக்கு எனக்குள்ளே ஏதோ குளிர்ந்தது. வலிய வந்த சீதேவியைக் காலால் உதைப்பார்களா?

"ஓம் அண்ணை, எழுதித் தாறன்" என்றேன்.

மூன்று நாள் இருந்து எழுதினேன். ஒரு பொய்கூட எழுதவில்லை. பிழையான தகவல் கொடுத்து அவரை மடக்கியிருக்கலாம்; என் பைசனைப் பற்றிப் பிழை எழுத எனக்குக் கை வரவில்லை. திமில், தாடி, தேள் வால், நிமிரும் புல், சாணிக் குவியல், பள்ளம், எல்லாம் அதனதன் இடத்தில் வைத்தேன். செம்மறிக் கம்பளி போல என்று பயணிகள் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரு குறிப்பு எழுதினேன்: இந்த இடத்தில் பிள்ளைகளின் கையில் உண்மையான செம்மறிக் கம்பளி ஏதாவது கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் மிகவும் ரசிப்பார்கள்.

வாங்கி வாசித்தார். அந்த இடத்தில் வந்து நின்றார். முகம் மலர்ந்தது. "அதுக்கு என்னட்டை ஒரு சாமான் இருக்கு" என்றார். என்ன சாமான் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கரைச்சல் தொடங்கியதிலிருந்து பயத்தில் அவர் மத்தியான நித்திரையை விட்டிருந்தார். அவர் மேடைக் கதவைத் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்.

பேச்சு நடந்த நாள் வெயில் கொளுத்தியது. ஆடி மாதத்தில் கோட்டுக் கொண்டுவந்து வைக்க யார் வருவார்கள்? நான் என் அறையைப் பூட்டிவிட்டு மேலே போய் பைசன் அறை வாசலில் நின்றேன். முப்பது பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். பின்னால் மூன்று கதிரைகளில் கீப்பரும் நிர்வாகத்தார் இரண்டு பேரும். அண்ணை புதிய கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

நன்றாகப் பேசினார். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஊரில் பேச்சுப்போட்டிக்குப் பாடமாக்கின தலைமுறை. ஒரு சொல் தவறவில்லை. என் வசனங்கள் அவருடைய வாயிலிருந்து வர வர, பிள்ளைகள் நான் கண்ட அதே கண்களோடு அவரைப் பார்த்தார்கள். தேள் வாலுக்குச் சிரித்தார்கள். வறட்டிக்கு மூக்கைப் பிடித்தார்கள். கீப்பர் தலையாட்டினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று அந்த நேரம் முழு மனதோடு நினைத்தேன்.

கம்பளியின் இடம் வந்தது. "உங்களுக்கு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொல்லி மேடைக்குப் பின்னால் போனார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கோட்டைச் சுருட்டியபடியே தூக்கி வந்து, முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமியிடம் "கையை நீட்டு" என்று சொல்லி, அவளுடைய கைகளின் மேல் உதறி விரித்தார்.

கம்பளி அப்படியே கழன்று அவளுடைய மடியில் விழுந்தது. சாம்பல் நிறத்தில் பூச்சிகள் எழும்பின. அவளுடைய உள்ளங்கையில் புழுக்கள் நெளிந்தன. அவள் வீரிட்டுக் கத்தினாள். முப்பது பிள்ளைகளும் ஒன்றாக எழும்பிச் சுவரோடு ஒட்டினார்கள். ஆசிரியை ஓடிவந்து அந்தப் பிள்ளையின் கையைத் துடைத்தார். கீப்பர் கத்தவில்லை. வந்து முழங்காலில் இருந்து கோட்டைப் பார்த்தார். எழும்பிப் போய்த் திறந்திருந்த கதவுக்குள் பார்த்தார். மேலே பலகைகளைப் பார்த்தார்.

அண்ணை வெறுங்கையோடு நடுவில் நின்றார். சுற்றிப் பார்த்தவர் வாசலில் என்னைக் கண்டார். கதிரைகளில் இருந்தவர்களுக்கு விளங்காத மொழியில், சாதாரணக் குரலில் கேட்டார்.

"தெரிஞ்சுதான் எழுதினனியோ?"

அதுவரைக்கும் நீர் என்றவர், அன்றைக்குத்தான் நீ என்றார்.

"ஓம்" என்றேன்.

கீப்பர் இது யாருடையது என்று கேட்டார். தன்னுடையது என்றார் அண்ணை. எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறது என்று கேட்டார். ஐந்து வருடம் என்றார். நான் செய்ததை அவர் சொல்லவில்லை. அது பெருந்தன்மையா, சொன்னாலும் எடுபடாது என்ற கணக்கா, எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு அந்த அறையைவிட்டு வெளியே போனார். நான் வாசலை விட்டு விலகி வழிவிட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை: வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போலச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் கீப்பர் என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். இலைப் பைக்குள் கிடந்த பூச்சிகள் வெளியிலிருந்து வந்தவையல்ல, உள்ளே இருந்து போனவை என்று இப்போது விளங்குகிறது என்றார். நிரந்தர இடம் உங்களுக்குத்தான் என்றார். பிறகு, "வாருங்கள்" என்று பைசனின் அறைக்குக் கூட்டிப் போனார்.

பெட்டியின் கண்ணாடிகளைக் கழற்றியிருந்தார்கள். வயிற்றுத் தையலைப் பிரித்து விரித்திருந்தார்கள். கீப்பர் கையுறை போட்டுக்கொண்டு அதன் தாடியை மெல்லத் தொட்டார். அது அவருடைய கையோடு வந்தது. முகத்துத் தோலில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது. மற்ற மிருகங்களுக்கும் பரவும், அதனால் இதை வைத்திருக்க முடியாது, வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு போய் எரிக்கப்போகிறார்கள் என்றார்.

"வைகாசியில் நான் பார்த்தபோது தொடை மட்டும்தான். ஆனியில் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்திருந்தால்கூடக் காப்பாற்றியிருக்கலாம். இந்தக் கடைசி ஆறேழு கிழமையில்தான் எல்லாம் போயிருக்கிறது."

நான் அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக் கண் அது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"நீங்கள் ஒரு வருடம் இந்த அறையில் இருந்தீர்கள்" என்றார் கீப்பர். "அந்தக் கோட்டை நேற்றைக்கு முன்னர் எப்போதாவது கண்டீர்களா?"

"இல்லை" என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் தோளில் கைவைத்தார். "எனக்குத் தெரியும், கண்டிருந்தால் நீங்கள் ஒரு நாள்கூடப் பொறுத்திருக்க மாட்டீர்கள்" என்றார்.